ஒரு 'லாம்' செய்த வேலை

அம்மாவுக்கு மாதவிலக்கு நின்று பதினான்கு வருடங்கள் ஆகியிருந்தன. சென்ற ஆடி மாதத்தில் ஒருநாள் துணியில் ரத்தக் கறை. "யாருட்டயும் சொல்லாண்டாம் மக்களே" என்றாள்.

கழக்கூட்டத்திலிருந்து ஸ்ரீகாரியம் தாண்டி ஒரு ஸ்கேன் மையத்துக்கு அழைத்துப் போனேன். கருப்பையின் உட்சுவர் தடித்திருக்கிறது, உள்ளே நீர் தேங்கியிருக்கிறது, புற்றுநோயாக இருக்கலாம் என்றது ஆங்கில ரிப்போர்ட். இருபது வருடங்களாக மொழிபெயர்ப்பதே என் தொழில். ஆனால் நாகர்கோவிலில் இருக்கும் அண்ணனுக்கு போனில் நான் சொன்னது, "அம்மாவுக்குப் புற்றுநோய்." அந்த 'லாம்' என் பயத்தில் கரைந்துவிட்டது.

மறுநாளே உறவினர்கள் ரயிலேறி வந்துவிட்டார்கள். அவர்கள் அழுததைப் பார்த்துத்தான் அம்மாவுக்கு விஷயம் புரிந்தது. அன்றிரவு காதுத் தோட்டைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

கருப்பையைச் சுரண்டி எடுத்த திசுவின் முடிவு பத்து நாள் கழித்து வந்தது. புற்று செல் இல்லை. இருந்தது, சாந்தோகிரானுலோமேட்டஸ் எண்டோமெட்ரைட்டிஸ் என்ற அரிய அழற்சி. 'சாந்தோ' என்றால் கிரேக்கத்தில் மஞ்சள். வயதான பெண்களுக்குக் கருப்பை வாய் சுருங்கி அடைபட்டால் உள்ளே ரத்தமும் சீழும் தேங்கும். அதைத் துப்புரவு செய்ய வரும் செல்கள், சிதைவுகளிலுள்ள கொழுப்பை விழுங்கி நுரைபோல் ஊதிவிடும். அவை குவிந்து மஞ்சள் படலமாகக் கருப்பையின் உட்சுவரை ஆக்கிரமிக்கும். ஸ்கேனுக்கும் வெறும் கண்ணுக்கும் அது புற்று போலவே தெரியும். மைக்ராஸ்கோப்தான் வித்தியாசத்தைச் சொல்லும்.

டாக்டர் அத்துடன் விடவில்லை. இதன் பின்னே புற்று ஒளிந்திருப்பதும் உண்டு என்பதால், சீழை வடித்து, மருந்து கொடுத்து, பிறகு கருப்பையை அகற்றி முழுவதும் சோதித்தார்கள். எங்கும் புற்று இல்லை.

மாதவிலக்கு நின்றபின் ரத்தம் பட்டால், ஒரு சொட்டானாலும் மறைக்கக் கூடாது. அதேசமயம், அப்படி வருபவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்குத்தான் கருப்பைப் புற்று இருக்கிறது. ஸ்கேன் எழுப்புவது சந்தேகம். திசுதான் தீர்ப்பு. இடைப்பட்ட நாட்களில் வாயைக் கட்டுவது வீட்டாரின் கடமை. அதில் நான் தவறினேன்.

வீடு திரும்பிய அன்று அம்மா என்னைத் திட்டவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

"தோட்டைத் தா மக்களே."