ஊதா நிறச் சிறுவிரல்

மாசி மாதத்துக் குளிரில், பிற செடிகள் யாவும் உறங்கிக் கிடக்கையில், வெம்பிளி வீட்டு முன்றில்களில் குரோக்கஸ் எனும் சிறுமலர் தரையோடு தரையாக விரிகின்றது. மாணவர் சிலர் இதனைக் குங்குமப்பூ என்பர். குங்குமப்பூவும் இவ்வினத்ததே, ஆயினும் அது இலையுதிர்காலத்தில் மலர்வது. மாசியிற் பூப்பது பாயசத்துக்கு உதவாது!

அழகுக்காக நடுவோரே பலர். ஆனால், இந்நாட்டு றோட்டரிக் கழகத்தினர் ஊதா நிறக் குரோக்கஸை மட்டும் தேர்ந்து, பூங்காக்களிலும் பாடசாலைகளிலும் நட்டு வருகின்றனர். இந்தியா முதலிய நாடுகளில் போலியோச் சொட்டு மருந்து பெற்ற குழந்தையின் சிறுவிரலில் ஊதா மை பூசுவர். எக்குழந்தையும் விடுபடாதிருக்கவே அவ்வடையாளம். அம்மையின் நிறமே இம்மலரின் நிறம்.

எம் மண்ணுக்கும் இதில் ஒரு பங்குண்டு. இலங்கையில் இந்நோய் இறுதியாகப் பதிவானது 1993 இல். அது மீளாதிருக்கும்பொருட்டு, 1990களின் பிற்பகுதியில், மருந்து வழங்கும் நாட்களிற் போரை நிறுத்திவைக்க இரு தரப்பும் இணங்கின. எம் சின்னத் தங்கையை இடுப்பிற் சுமந்து, பாடசாலை வாசலில் வரிசையாக நின்றோம். வானத்தைப் பார்த்துப் பார்த்து நடந்த காலம் அது. அன்று எவரும் வானத்தைப் பார்க்கவில்லை. இரண்டே சொட்டு, அவள் முகத்தைச் சுளித்தாள். சில நாட்களில் வெடியோசை மீண்டும் கேட்டது. மருந்துக்காக நின்ற போர் வேறெதற்காகவும் நில்லாதது ஏனென்று நாம் இன்றும் எண்ணுவதுண்டு.

இலண்டனில் இக்கவலை எதற்கென்று பெற்றோர் கேட்கலாம். 2022 இல் இந்நகரின் கழிவுநீரிற் போலியோ வைரசு கண்டறியப்பட்டது. அவ்விடங்களுள் நம் வெம்பிளி அடங்கிய பிரெண்ட் பகுதியும் ஒன்று. வேற்றுநாட்டில் வழங்கப்பட்ட சொட்டு மருந்திலிருந்து திரிந்த வைரசு அது. தடுப்பூசி பெறாதோர் மிகுந்த இடத்திலேயே பரவவல்லது. நல்லவேளையாக எவரும் முடமாகவில்லை. ஒன்று முதல் ஒன்பது வயது வரையான இலண்டன் சிறார் அனைவருக்கும் மேலதிக ஊசி வழங்க அவ்வாண்டு ஆவணியில் முடிவாயிற்று. 2004 முதல் இந்நாட்டில் ஊசியே வழக்கம். ஆதலால் எம் மாணவர்க்கு அவ்விரு சொட்டின் கசப்புத் தெரியாது. தடுப்பூசிப் பதிவேட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தவறியிருப்பின் வைத்தியரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

நட விரும்பும் பிள்ளைகள் புரட்டாதி, ஐப்பசியிற் கிழங்கை மூன்று நான்கு அங்குல ஆழத்தில், கூர்முனை மேலாக இடுக. மேலே கம்பிவலை விரித்தல் நன்று. வெம்பிளி அணில்கள் கிழங்கு தோண்டுவதில் வல்லன.