பின்னிருக்கை

மோட்டார் சைக்கிளைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவது நண்பர்கள் சிலருக்கு உவப்பாக இராது. கவிதைக்குள் யந்திரம் வரலாமா என்ற சர்ச்சையை நாம் முடித்துக்கொண்டு வெகுநாளாகிறது. என்றாலும், ஒரு யந்திரத்தை நான் நேசிக்கிறேன் என்று ஒருவன் சொன்னால் இன்னமும் நமக்குச் சங்கடமாக இருக்கிறது. விளம்பரக்காரன் அவனைப் பிடித்துவிட்டான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். நானும் அப்படி முடிவு கட்டியவன்தான். முப்பத்திரண்டு வயதுவரை வண்டி ஓட்டத் தெரியாதவனாக இருந்ததை ஒரு கொள்கை போலப் பேசிக்கொண்டு திரிந்தேன். அது கொள்கை அல்ல. அம்மா விடவில்லை.

அம்மா விடாததற்குக் காரணம் மாமா. அம்மாவின் தம்பி. 1993-இல், எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது, பணகுடிக்குத் தெற்கே சாலையோரம் விளக்கில்லாமல் நின்றிருந்த ஒரு லாரியின் பின்னால் இரவில் போய் மோதினார். அவருக்கு அப்போது இருபத்தாறு வயது. வண்டிக்கு அதிகம் சேதமில்லை என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். அதைத் தாத்தா யாருக்கோ கொடுத்துவிட்டார். விலைக்கா சும்மாவா என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் சைக்கிளுக்கு மேல் எதுவும் வரவில்லை. அப்பா கடைசிவரை பஸ்ஸில்தான் போனார்.

மாமாவின் வண்டி யெஸ்டி. மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி, செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா வண்டியை ஒட்டிச் செய்து 1973-இலிருந்து அந்தப் பெயரில் விற்றது. 1996-இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. 250 சி.சி., டூ ஸ்ட்ரோக். சிலிண்டர் ஒன்று, சைலன்சர் இரண்டு. பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். அதில் ஒரு விசித்திரம் உண்டு: கிக்கரும் கியரும் ஒரே கம்பிதான். உள்ளே அழுத்தித் திருப்பினால் கிக்கர். உதைத்து முடித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் அதுவே கியர். இதெல்லாம் நான் பெரியவனான பிறகு தெரிந்துகொண்டவை. ஐந்து வயதில் எனக்குத் தெரிந்தது வேறு. டாங்க்கின் மேல் துண்டை மடித்துப் போட்டு மாமா என்னை உட்கார்த்திவைப்பார். ஹாண்டில்பாரின் நடுவே கையை வைத்துக்கொள்வேன். துண்டையும் மீறித் தொடைக்குச் சூடு வரும். எஞ்சினின் அதிர்வு பல்லுக்குள் ஏறும். வாயைத் திறந்து ஆ என்று சொன்னால் குரல் துண்டு துண்டாக வரும். அதற்காகவே வழி நெடுகச் சொல்லிக்கொண்டு போவேன்.

மோட்டார் சைக்கிள் மீதான பிரியம் எப்படித் தொடங்குகிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். இந்த டாங்க் ஞாபகத்தைச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் பால்ய ஞாபகம் விமர்சகனுக்கு உதவாத சாட்சி. கேட்ட மாத்திரத்தில் அது வேண்டியதைச் சொல்லிவிடும். பிறருடைய கவிதைத் தொகுப்புகளில் பாட்டி வீட்டு முற்றத்தைக் கண்டால் நான் என்ன எழுதுகிறேன் என்பது இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். எனவே அதை அப்படியே ஏற்றுக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து பஸ்கள் நின்றன. வங்கிகள் நிற்கவில்லை. எனக்கு வீடு நாகர்கோவிலில், கிளை வள்ளியூர்ப் பக்கம். போக 30 கிலோமீட்டருக்கு மேல். முதல் சில நாட்கள் யார் யார் காரிலோ தொற்றிக்கொண்டு போனேன். பிறகு எங்கள் கிளை மெசெஞ்சர், ஐம்பது வயது தாண்டிய மனிதர், தன் மகன் போட்டுவைத்திருந்த பழைய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டரை எனக்குக் கொடுப்பதாகச் சொன்னார். 97.2 சி.சி. இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம், இந்த விஷயத்தில் காதல் என்று பேசுகிறவர்கள் யாரும் 350-க்குக் கீழே பேசுவதில்லை. புல்லட்டுக்கு ஒரு காவியம் உண்டு; ஸ்ப்ளெண்டருக்குத் தவணைப் புத்தகம்தான் உண்டு. பால்காரர், எல்.ஐ.சி. ஏஜண்ட், கொத்தனார் எல்லோரும் ஓட்டுகிற வண்டி. அம்மாவிடம் சொன்னேன். வேலையை விடு என்று அவளால் சொல்ல முடியவில்லை. வேறு எதுவும் சொல்லவில்லை.

மூடிக் கிடந்த பள்ளிக்கூட மைதானத்தில் மெசெஞ்சர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். நான் கிளட்ச்சை விட, வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்துபோகும். இப்படி இருபது முறை. "விடாதீங்க சார், குடுங்க" என்றார் அவர். இந்த வித்தியாசம் புரிய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. கிளட்ச் கம்பி கைக்குள் மெல்லத் தளரும்போது ஓரிடத்தில் எஞ்சினின் சத்தம் சற்றே கனக்கும். வண்டி நகர விரும்புவது உள்ளங்கையில் தெரியும். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் தட்டுகளும் சக்கரத்துக்குப் போகும் தட்டுகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பாதி வேகத்தில் சமாதானமாகும் இடம் அது. படித்தால் ஒரு வரி. கைக்கு வர இரண்டு நாள். அனுபவம் அனுபவம் என்று இருபது வருஷமாக எழுதிக்கொண்டிருந்தவன், கைக்கு ஒரு விஷயம் தெரிவது என்றால் என்ன என்பதை ஒரு மெசெஞ்சரிடம் கற்றுக்கொண்டேன். இதில் பெருமைப்பட எதுவுமில்லை. வெட்கமும் அதிகம் இல்லை.

அப்போதும் பிரியம் வரவில்லை. பயம்தான் இருந்தது. வந்தது ஜூனில்.

அந்தப் பக்கத்தாருக்குத் தெரியும்: தென்மேற்குப் பருவம் தொடங்கினால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று புகுந்து முப்பந்தல், காவல்கிணறு, பணகுடி வெளியெல்லாம் அடிக்கும். அங்கே நூற்றுக்கணக்கில் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். ஒரு சாயங்காலம் பணகுடி தாண்டித் தெற்கே வந்துகொண்டிருந்தேன். வலப்பக்கத்திலிருந்து காற்று வண்டியைச் சாலையின் இடது ஓரத்துக்குத் தள்ளியது. பயந்துபோய் நிமிர்ந்து உட்கார்ந்து இறுக்கிப் பிடித்தேன். இறுக்க இறுக்க வண்டி மேலும் ஓரத்துக்குப் போயிற்று. எப்போது என் கை தளர்ந்தது என்று எனக்குத் தெரியாது. தளர்ந்ததும் வண்டி தானாக வலப்பக்கம், காற்றின் மேல், சாய்ந்துகொண்டது. அப்படிச் சாய்ந்தபடியே அம்பு போல நேராகப் போயிற்று. சாலை நேர், போக்கு நேர், நானும் வண்டியும் மட்டும் சாய்வு. இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும். காவல்கிணறு வந்தபோது நான் சத்தமாக ஆ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதன் கணக்கைப் பிறகு படித்தேன். ஓடுகிற இருசக்கர வண்டியை வலப்பக்கம் சாய்க்க வேண்டுமானால் வலது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். அதாவது சக்கரத்தை ஒரு கணம் இடப்பக்கம் திருப்ப வேண்டும். கீழே சக்கரம் இடப்பக்கம் விலகியதும் மேலே உள்ள பாரம் வலப்பக்கம் சரிகிறது. வண்டி ஓட்டுகிற எல்லோரும் இதைச் செய்கிறார்கள்; செய்வதாக அறிந்தவர்கள் சொற்பம். சைக்கிள் கடை வைத்திருந்த வில்பர் ரைட் இதைக் கவனித்து, சைக்கிள் ஓட்டுகிறவர்களை விசாரித்தும் பார்த்திருக்கிறார். தாங்கள் செய்வதற்கு நேர் எதிரானதையே செய்வதாக அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எழுதுகிறவர்கள் தங்கள் எழுத்தைப் பற்றிச் சொல்வதும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது என்று ஒரு கட்டுரை எழுதலாம். இப்போது வேண்டாம்.

என்னை உறுத்தியது வேறு. மாமா இறந்தது அந்தச் சாலையில்தான். அதே இடமாகக்கூட இருக்கலாம்; இப்போது அது நான்கு வழிச் சாலை, லாரி நின்ற ஓரம் எது என்று காட்ட யாருமில்லை. அவரைக் கொன்ற ஒன்றை, அவர் செத்த சாலையில், நான் நேசிக்கத் தொடங்கியிருந்தேன். இதை வீட்டில் எப்படிச் சொல்வது?

பி.ஏ. ஆங்கிலம் படித்தவன் புஸ்தகத்திடம்தான் போவான். டி.ஈ. லாரன்ஸ் ஏழு பிரஃப் சுப்பீரியர் வண்டிகளை வைத்திருந்தவர். விமானம் ஒன்றோடு போட்டியிட்டு ஓட்டியதைப் பற்றி 'தி மின்ட்' நூலில் ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். 1935 மே மாதம், டார்செட்டில் தன் குடிலுக்கு அருகே, சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் மோதாதிருக்க வண்டியை ஒடித்துத் தூக்கியெறியப்பட்டு, ஆறாம் நாள் இறந்தார். அவரைப் பார்த்த டாக்டர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் அந்தச் சாவை மறக்கவில்லை. மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, ஹெல்மெட்டின் அவசியம் பற்றி 1941-இல் கட்டுரை எழுதினார். லாரன்ஸின் பரவசமும் கெய்ர்ன்ஸின் கட்டுரையும் என் மனத்தில் ஒரே நூலின் இரண்டு அத்தியாயங்களாகத்தான் நிற்கின்றன. முதலாவதை மட்டும் வாசிப்பவர்கள் விளம்பரத்தை வாசிக்கிறார்கள்.

பிர்சிக்கின் 'ஜென் அண்ட் த ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' 1974-இல் வந்தது; எனக்கும் கல்லூரியில் ஒருவர் கொடுத்தார். தகப்பன் ஓட்டுகிறான், சிந்திக்கிறான். பின்னால் மகன் உட்கார்ந்திருக்கிறான். நாட்கணக்காக அவனுக்குத் தெரிவது தகப்பனின் முதுகு. இதை அன்று நான் கவனிக்கவில்லை. பின்னிருக்கையில் இருப்பவனின் பக்கத்திலிருந்து அந்தப் புஸ்தகத்தை வாசிக்கலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை. லாரன்ஸ், பிர்சிக், ஸ்ப்ளெண்டர்க்கார நான் எல்லோரும் முன்னிருக்கைக்காரர்கள். எழுதுகிறவன் ஓட்டுகிறவனாக இருக்கிறான். ஆனால் நம் ஊரில் மோட்டார் சைக்கிளில் போனவர்களில் பாதிப்பேர் பின்னால்தான் போயிருக்கிறார்கள், ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் பையோடு.

2021 ஏப்ரலில் அம்மாவுக்கு இரண்டாவது தடுப்பூசி போட வேண்டியிருந்தது. ஆட்டோவில் எத்தனை பேர் இருமியிருப்பார்களோ என்ற பயம். அவளே, "ஒன் வண்டியில போலாம்" என்றாள். வாசலில் வந்து நின்றாள். அறுபது வயது. நான் எப்படி உட்கார வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் ஒரு கையால் என் தோளைத் தொட்டு, ஒரே வீச்சில் ஏறி உட்கார்ந்து, முந்தானையை இடுப்பில் செருகி, சேலையின் கீழ்க்கரையைச் சக்கரத்திலிருந்து விலக்கிக் காலடியில் வைத்துக்கொண்டாள். பிறகு தோளை விட்டுவிட்டு சீட்டின் பின்கம்பியைப் பிடித்தாள்.

பின்னால் உட்கார்ந்து பழகாதவர்களை ஏற்றிப் போனவர்களுக்குத் தெரியும், வளைவில் அவர்கள் எதிர்ப்பக்கம் சாய்வார்கள். விழுந்துவிடுவோம் என்ற பயம். ஓட்டுகிறவன் இரண்டு பேரோடு மல்லுக்கட்ட வேண்டும். கோட்டாறு திரும்பும் இடத்தில் நான் அதற்குத் தயாராக இருந்தேன். ஒன்றும் நேரவில்லை. அம்மா வண்டியோடு சாய்ந்தாள். பின்னால் ஆளே இல்லாத மாதிரி இருந்தது.

ஊசி போட்டுவிட்டு அரைமணி நேரம் உட்காரச் சொன்னார்கள். கேட்டேன். பழக்கமா என்றேன்.

"பின்ன?" என்றாள். "ஒங்க மாமன்தான வந்து வள்ளியூருக்குக் கூட்டிட்டுப் போவான். நீ முன்னால இருப்ப. ஆ ஆன்னு கத்திக்கிட்டே வருவ."

என் ஞாபகத்தில் அம்மா இல்லை. டாங்க் உண்டு, சூடு உண்டு, மாமாவின் கைகள் இருபக்கமும் உண்டு. முன்னால் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைக்குப் பின்னிருக்கை தெரியாது. என்னுடையது என்று நான் சந்தேகத்தோடு வைத்திருந்த அந்த ஞாபகத்துக்கு இன்னொரு சொந்தக்காரி இருந்தாள். முப்பது வருஷமாக அவள் அதை எடுத்ததே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளாகச் சொன்னாள்: "முப்பந்தல் தாண்டுனா காத்து அடிக்கும் பாத்துக்கோ. பேச முடியாது. கண்ண மூடிக்கிட்டு அவன் முதுகுப் பக்கம் இருப்பேன். கல்யாணமான பொறவு அவ்வளவு சொகமா நான் எங்கயும் போனதில்ல மக்கா."

ஊசி போட்ட கையைத் தடவிக்கொண்டாள்.

"அது எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்லா. அதான் ஒன்ன விடல்ல."

பயத்தால் தடுத்தாள் என்றுதான் இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். வண்டியைப் பற்றித் தெரியாதவள் என்றும் எண்ணியிருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் அதை நேசித்தவள் அவள். அந்த நேசம் ஒருவனை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதையும் கணக்குப் பார்த்தவள். நண்பரின் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்: எனக்கு அது எனக்கு முன்பே தொடங்கியிருக்கிறது. பொதுவிதி எதையும் இதிலிருந்து எடுக்க முடியுமென்று தோன்றவில்லை.

இப்போதும் கிளைக்குப் போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கு போன் செய்கிறேன். அம்மா "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவாள். காற்றுக்காலத்தில் அந்தச் சரி சற்று தாமதமாக வருகிறது. இன்னொரு தடவை கூட்டிப் போ என்று அவள் கேட்டதில்லை; வருகிறாயா என்று நானும் கேட்கவில்லை. சென்ற மாதம் இரண்டாவதாக ஒரு ஹெல்மெட் வாங்கி, ஹாலில் ஆணியில் மாட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். யாருக்கு என்று கேட்கவில்லை.