சித்திக்கு, ஊரறிய ஒரு நன்றி

அன்புள்ள சித்திக்கு,

இதை நேரில் சொல்ல வந்தால், "அதெல்லாம் எதுக்குப்பா, சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். ஆகவே எழுதுகிறேன். நமக்குள் எழுதி முடித்துவிடாமல் ஊரறிய எழுதுவதற்கும் காரணம் உண்டு. சிறுநீரகம் பெற்றுப் பிழைத்தவனைப் பார்ப்பவரெல்லாம் நலம் விசாரிக்கிறார்கள். கொடுத்தவரை விசாரிப்பவர்கள் குறைவு. கொடுத்தவருக்குத் தோள் கொடுத்தவர்களை யாரும் நினைப்பதுகூட இல்லை. உங்களுக்கும், உங்களுக்குப் பின்னால் நின்ற நம் உறவுகள் அத்தனை பேருக்கும் சேர்த்தே இந்த மடல்.

ஒட்டன்சத்திரம் சந்தையில் கமிஷன் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் எனக்குக் காலும் முகமும் வீங்கத் தொடங்கின. ரத்தத்தில் கிரியாட்டினின் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கித் தெரிந்தன. இந்த நோய் பெரும்பாலும் வலியில்லாமல், சத்தமில்லாமல் வருவது. தெரியவரும்போது பலருக்கும் டயாலிசிஸ் தவிர வேறு வழி இருப்பதில்லை. எனக்கும் அப்படித்தான் ஆனது. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். இடக்கையில் ரத்தநாளங்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்தார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது, அதில் ரத்த அழுத்தம்கூடப் பார்க்கக் கூடாது. குடிக்கும் தண்ணீர் அளந்து. வாழைப்பழம், இளநீர் இரண்டும் விலக்கு. அவற்றிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே நிறுத்திவிடக் கூடும்.

இப்படி ஒரு நோய் ஒருவன் உடம்பில் வந்தாலும் அதை ஒருவனே சுமக்க முடியாது. அதைச் சுமந்தவர்களை வரிசையாகச் சொல்ல வேண்டும் சித்தி.

அத்தை தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து எங்கள் அடுப்படியில் நின்றார். காய்களைச் சிறிது சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும். அப்போதுதான் பொட்டாசியம் குறையும். பல வருடங்களாகக் கைமணத்துக்குப் பேர்போன அத்தை, உப்பும் சாரமும் இல்லாத அந்தச் சமையலைப் புதிதாகக் கற்றுக்கொண்டார். வீட்டில் மற்றவர்களுக்கும் அதையே பரிமாறினார். நான் மட்டும் தனித்தட்டில் சாப்பிடுகிறவனாக ஆகிவிடக் கூடாது என்று அவர் நினைத்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மச்சான் விடியற்காலையில் குட்டியானையில் காய்கறி ஏற்றித் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோவார். டயாலிசிஸ் நாட்களில் முன்சீட்டில் எனக்கு இடம். சரக்கை இறக்கிவிட்டு, என்னையும் மருத்துவமனையில் இறக்கிவிட்டு, முடியும்வரை காத்திருந்து கூட்டிவருவார். அந்த நாட்களில் இரண்டாவது நடை வாடகையை அவர் ஏற்றுக்கொள்ளவே இல்லை. பெரியப்பா காப்பீட்டுத் திட்ட அட்டைக்காக வருமானச் சான்று வாங்க கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்தார், தாலுகா ஆபீசுக்கு நடந்தார், ஜெராக்ஸ் கட்டு ஒன்றை மஞ்சப்பையில் எப்போதும் வைத்திருந்தார். தாய்மாமா போர் போடச் சேர்த்து வைத்திருந்த பணத்தைக் கொண்டுவந்து என் மனைவி கையில் கொடுத்தார். எழுத்து எதுவும் வேண்டாம் என்றார். மண்டி வேலை நின்றுபோன மாதங்களில் என் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எப்படிக் கட்டப்பட்டது என்பதை இன்றுவரை யாரும் எனக்கு முழுதாகச் சொல்லவில்லை.

மாற்றுச் சிறுநீரகம் ஒன்றுதான் வழி என்றானபோது வீட்டில் எல்லோரும் கை நீட்டி ரத்தம் கொடுத்தார்கள். என் குரூப் ஓ. ஓ குரூப்காரர் எல்லோருக்கும் கொடுக்கலாம், ஆனால் ஓ குரூப்பிடமிருந்து மட்டுமே வாங்கலாம். அப்பாவுக்கு பி. மனைவிக்கு ஏ. அம்மாவுக்கு என் குரூப்தான். ஆனால் பல வருடச் சர்க்கரை. சர்க்கரை உள்ளவரிடமிருந்து எடுத்தால் அவருக்கு மிஞ்சுகிற ஒன்றும் பழுதாகலாம் என்று டாக்டர் மறுத்துவிட்டார். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளுக்காகப் பதிவு செய்துவைத்தோம். அந்த வரிசை நீளமானது.

அப்போதுதான் நீங்கள் அம்மாவிடம், "எனக்கும் ஓ தானக்கா, என்னையும் பாக்கச் சொல்லு" என்றீர்கள்.

அந்த ஒரு வார்த்தைக்காக மட்டும் நான் நன்றி சொல்லவில்லை. அதற்குப் பிறகு நடந்தவைதான் எனக்குக் குடும்பம் என்றால் என்ன என்று காட்டின. நீங்கள் சொன்னதும் அம்மா அழுதார். மற்றவர்களுக்கு முகம் மலர்ந்தது. அந்த நேரத்தில் பெரியப்பா உங்களைத் தனியே அழைத்துச் சொன்னதை நீங்களே பிறகு என்னிடம் சொன்னீர்கள்: "இன்னைக்குச் சரின்னுட்டமேன்னு நாளைக்குத் தயங்காத தாயி. ஆப்பரேசன் மேசை வரைக்கும் போய்க்கூட வேண்டாம்னு சொல்லலாம். இந்த வீட்ல ஒருத்தர் வாயிலயிருந்தும் ஒரு சொல் வராது, அதுக்கு நான் பொறுப்பு." மருத்துவமனையிலும் உங்களைத் தனி அறையில் உட்காரவைத்துப் பேசினார்கள். கொடையாளர் பெண்ணாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், அவருடைய சுயமான சம்மதத்தைப் பெறுபவர் அல்லாத ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. சட்டம் எழுத்தில் கேட்டதை நம் பெரியப்பா மனதறிந்து செய்தார்.

உறவு என்பது உரிமையோடு கேட்கிற இடம் என்று சொல்வார்கள். எனக்கு இப்போது வேறொன்று தெரிகிறது. முடியாது என்று சொன்னாலும் பாசம் குறையாத இடம்தான் உறவு. அந்த இடத்தில் நின்றுகொண்டு நீங்கள் முடியும் என்று சொன்னீர்கள். ஆகவேதான் உங்கள் சிறுநீரகத்தைக் குற்றவுணர்வில்லாமல் என் உடம்பில் வைத்திருக்க முடிகிறது.

அடுத்து வந்தது காகித வேலை. 1994-ஆம் ஆண்டு மனித உறுப்புகள் மாற்றுச் சட்டத்தில் நெருங்கிய உறவினர் பட்டியல் ஒன்று உண்டு: கணவன், மனைவி, தாய், தந்தை, மகன், மகள், சகோதரன், சகோதரி. 2011 திருத்தத்தில் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி சேர்ந்தார்கள். சித்தி அதில் இல்லை. பட்டியலுக்கு வெளியே உள்ளவர்கள் கொடுக்க வேண்டுமானால் அங்கீகாரக் குழுவின் முன் வர வேண்டும். பணம் கைமாறவில்லை, இடைத்தரகர் இல்லை, கொடுப்பது பாசத்தினால்தான் என்று குழுவுக்குத் திருப்தி வர வேண்டும். ஏழைகளின் சிறுநீரகம் விலைக்குப் போன ஒரு நாட்டில் இந்தக் கண்டிப்பு தேவைதான். அதை நான் மதிக்கிறேன்.

பாசத்துக்கு என்ன அத்தாட்சி காட்டுவது? கொடுப்பவரும் பெறுபவரும் சேர்ந்திருக்கும் பழைய புகைப்படங்களைக் கொண்டுவரச் சொல்கிறது விதி. அம்மாச்சி வீட்டு டிரங்குப் பெட்டி திறந்தது. மாமா மடியில் உட்காரவைத்து எனக்குக் காது குத்திய படத்தில், என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நீங்கள். உங்கள் கல்யாண ஆல்பத்தில் மணமேடை ஓரத்தில் பட்டுப்பாவாடைக்காரிகளுக்கு நடுவே அரைக்கால் சட்டையோடு நான். என் கல்யாணத்தில் நலங்கு வைக்கிற வரிசையில் நீங்கள். விசேஷங்களுக்கு ஏன் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறோம் என்பது அந்தப் படங்களை மேசையில் பரப்பியபோது எனக்கு விளங்கியது. வந்து நின்ற ஒவ்வொரு முறையும் ஓர் ஆவணம் ஆகியிருந்தது. குழுவினர் சித்தப்பாவையும் விசாரித்தார்கள். அவர் அதிகம் பேசத் தெரியாதவர். "அவ அக்கா மகன். எங்க வீட்லயும் வளந்த பையன்" என்று மட்டும் சொன்னாராம்.

சித்தப்பாவுக்கும் என் நன்றி தனியாக உண்டு. அவருக்கும் எனக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. உங்கள் வீட்டு வருமானத்தில் பாதி மாட்டுப் பாலில் வருவது. அந்த மாடுகள் உங்கள் கைக்குப் பழகியவை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில வாரங்கள் நீங்கள் குடம் தூக்கக் கூடாது, புல்லுக்கட்டு தூக்கக் கூடாது. அத்தனையும் தெரிந்துதான் அவர் கையெழுத்துப் போட்டார். உங்கள் ஓரகத்தி விடியற்காலையில் எழுந்து இரண்டு வீட்டு மாடுகளையும் கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றினார். சொத்துப் பிரித்தபோது அவருக்கும் உங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது ஊருக்கே தெரியும். பால் கணக்கு நோட்டை அவர் உங்கள் கையில் திருப்பிக் கொடுத்தபோது ஒரு நாள் வரவுகூட விடுபட்டிருக்கவில்லை. என் உயிர் மீண்டதில் அந்தக் கறவைக்கும் பங்கு உண்டு. அந்த மாடுகளை யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்ற நிம்மதி இல்லாமல் நீங்கள் மதுரை மருத்துவமனையில் படுத்திருக்க முடியாது.

உங்கள் இடப்பக்கச் சிறுநீரகத்தை எடுத்து என் வலது அடிவயிற்றில் பொருத்தினார்கள். என் பழைய சிறுநீரகங்கள் அப்படியே இருக்கின்றன. மேசையிலேயே சிறுநீர் வரத் தொடங்கிவிட்டது என்று டாக்டர் வெளியே வந்து சொன்னபோது, காத்திருந்த நம் ஆட்களிடமிருந்து முதலில் வந்த கேள்வி "சித்தி எப்படி இருக்காங்க?" என்பதுதான். கேட்டது என் மனைவி. அதை நினைத்து இன்றும் பெருமைப்படுகிறேன்.

இந்தச் சிகிச்சையே உறவின்மேல் கட்டி எழுப்பப்பட்டது சித்தி. 1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டனில் டாக்டர் ஜோசப் முர்ரே தலைமையில் உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. ரொனால்ட் ஹெரிக் என்பவர் தன் இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குக் கொடுத்தார். ஒரே கருவில் உருவானவர்கள் என்பதால் உடல் அந்த உறுப்பை அந்நியமாக எண்ணித் தள்ளவில்லை. ரிச்சர்ட் கல்யாணம் செய்து பிள்ளைகள் பெற்று எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். ஒற்றைச் சிறுநீரகத்தோடு ரொனால்ட் 2010 வரை, தன் 79 வயது வரை, வாழ்ந்தார். நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1971-இல் சிறுநீரக மாற்று வெற்றிகரமாக நடந்து இந்தியாவுக்கு வழிகாட்டியது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகள் வந்தபிறகு இரட்டையர் அல்லாதவர்களும் கொடுக்க முடிந்தது. அந்த மாத்திரைகளை நான் காலையிலும் இரவிலும் நேரம் தவறாமல் விழுங்குகிறேன். அவை உங்கள் பொருளுக்கு நான் போடும் காவல்.

இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் உயிரோடிருக்கும்போது சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். தாயும் மனைவியும் அக்காளும் தங்கையும் கொடுக்கிறார்கள். அவர்கள் கொடுப்பது இயல்புதானே என்று எந்த வீடும் எண்ணிவிடக் கூடாது. உங்கள் வீட்டில் ஒரு பெண் கொடுக்க முன்வந்தால், முதலில் அவரிடம் மறுக்கும் உரிமையைக் கொடுங்கள். அண்ணன் தம்பிகளும் பரிசோதனைக்கு வரிசையில் நில்லுங்கள். அவர் படுத்திருக்கும் நாட்களில் அவருடைய அடுப்பு, மாடு, வயல், பிள்ளைகள் யார் பொறுப்பு என்பதை அறுவை சிகிச்சைக்கு முன்பே பேசி முடிவுசெய்யுங்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தபிறகும் அவரை விட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை அவருக்கு ரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் மூன்றும் பார்க்க வேண்டும். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை வாங்கிக் கொடுக்கக் கூடாது. மிஞ்சியிருக்கும் சிறுநீரகம் இரண்டின் வேலையில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ளும். அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது பெற்றவர் வீட்டின் கடமை.

அத்தைக்கு, மச்சானுக்கு, பெரியப்பாவுக்கு, மாமாவுக்கு, சித்தப்பாவுக்கு, உங்கள் ஓரகத்திக்கு, டிரங்குப் பெட்டியில் படங்களைச் செல்லரிக்காமல் காத்த அம்மாச்சிக்கு, இரவும் பகலும் கூடவே இருந்த என் மனைவிக்கு, அம்மாவுக்கு, அப்பாவுக்கு என் வணக்கமும் நன்றியும். நீங்கள் ஒவ்வொருவரும் உங்களால் முடிந்த ஒரு துண்டை எடுத்துக்கொண்டதால்தான் என் பங்குக்கு வந்ததை என்னால் தூக்க முடிந்தது.

சித்தி, தைப்பொங்கல் முடிந்த வாரம் நம் இருவருக்கும் மதுரையில் பரிசோதனை. ஒரே நாளில் இரண்டு பேருக்கும் டோக்கன் போட்டுவிட்டேன். முதல் டோக்கன் உங்களுக்கு. இனி ஒவ்வொரு வருடமும் அப்படித்தான்.

என்றும் உங்கள்,
அக்கா மகன்