உள்ளே கைவிட்டுப் பார்

முகூர்த்த மாதங்களில் எங்கள் ஊர் நெற்குப்பையில் பூட்டிக் கிடந்த வீடுகள் திறக்கும். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள், போன தடவை பீரோவில் வைத்துவிட்டுப் போன ஷூவை எடுத்து மாட்டுவார்கள். தெருமுனை போவதற்குள் அடி பொலபொலவென்று உதிரும். "ரெண்டு தடவகூடப் போடலயேப்பா" என்று கையில் தூக்கிக்கொண்டு வருவார்கள். பியு (பாலியூரித்தேன்) சோல் அப்படித்தான். காற்றில் உள்ள ஈரமே அதை உள்ளுக்குள் அறுத்துவிடும். பெட்டியில் இருந்தபடியே சில வருஷங்களில் மக்கும். மேல்தோல் மட்டும் புதுசாக இருக்கும். அதற்கு ரப்பர் அடி ஒட்டிக் கொடுப்பது சுலபம். கால் பழகாத ஷூவுக்கு எந்த அடியும் ஒன்றுதான்.

கஷ்டமெல்லாம் வருஷக்கணக்கில் போட்டுத் தேய்ந்த ஷூவில். அதற்குள் கையை விட்டால் குதிகால் குழி, பெருவிரல் பள்ளம், முன்பாதம் அழுத்திய இடம் எல்லாம் விரலில் தட்டுப்படும். போட்டுப் பழகியவர் தேடுகிற சுகம் அந்த உள்ளட்டையில்தான் இருக்கிறது. நிறையப் பேர் அதையும் பிய்த்தெறிந்துவிட்டு ஸ்பாஞ்சு வைத்துக் கொடுக்கிறார்கள். கடையில் போட்டுப் பார்க்கும்போது மெத்தென்று இருக்கும். ஒரு வாரத்தில் ஸ்பாஞ்சு படுத்துவிடும். பழைய பள்ளமும் போயிருக்கும். உள்ளட்டை வெடித்திருந்தாலொழிய நான் அதைத் தொடுவதில்லை. தைத்த ஷூ என்றால் உள்ளட்டைக்கும் அடிக்கும் நடுவே கார்க் நிரப்பியிருக்கும். அதுவும் காலுக்குத் தக்கபடி அமுங்கியிருக்கும். உதிர்ந்த இடத்தில் மட்டும் நிரப்பித் தேய்க்க வேண்டும்.

அடுத்தது கனம். தேய்ந்த அடியை அளந்து புது அடி வெட்டினால் தப்பு. பாதத்தின் நடுவளைவுக்குக் கீழே உள்ள பகுதி தரையில் படாது, அதனால் தேயாது. முதலில் இருந்த கனத்தை அங்கேதான் பார்க்க வேண்டும். 'நாள்பட உழைக்கட்டும்' என்று கனமான அடி கேட்பவர்கள் உண்டு. கனம் கூடினால் விரல் மடங்கும் இடத்தில் ஷூ மடங்காது. மேல்தோல் விரலைக் கடிக்கும், குதிகால் பின்னால் கழன்று கழன்று வரும். முன்னடியை மாற்றி ஹீலை அப்படியே விட்டாலும் உயரம் மாறி முழங்காலில் தெரியும். தைக்கும்போது கூடியவரை பழைய துளைகளிலேயே ஊசி போக வேண்டும். பக்கத்திலேயே புதுத் துளை போட்டால் ஓரப்பட்டை தபால்தலை ஓரம் மாதிரி கிழிந்து வரும்.

தோல் அடி கேட்டு வருகிறவர்கள் இப்போது குறைவு. ஆவாரம்பட்டையில் பதனிட்ட கனத்த தோலை நனைத்து, ஈரத்துணியில் சுற்றி ராத்திரி முழுக்க வைத்து, காலையில் சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்க வேண்டும். தட்டாத தோல் சீக்கிரம் தேயும். வெயில் காலத்துக்கு அதை அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஐப்பசி மழைக்கு ஆகாது.

நம் பக்கத்து ஷூவுக்கு அடியைவிடப் பின்பக்கம்தான் முதலில் போகிறது. வாசலுக்கு வாசல் கழற்றி மாட்டுகிற ஊர். முடிச்சை அவிழ்க்காமல் குதிகாலால் மிதித்துக் கழற்றிக் கழற்றி, பின்தோலுக்குள் இருக்கும் விறைப்பு அட்டை ஒடிந்துவிடும். அதைச் சரிசெய்யாமல் புது அடி போட்டுக் கொடுத்தால், "அடி சரியில்ல தம்பி, கால் நிக்க மாட்டேங்குது" என்று ஆச்சிமார் திரும்பக் கொண்டுவருவார்கள்.

இதையெல்லாம் கையால் பார்க்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசிப்பேன். 1930 டிசம்பரில், இந்த ஊரும் சேர்ந்திருந்த அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவில், ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். கடைசித் தடை: குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. செருப்புத் தைத்தவர்களில் எத்தனை பேருக்கு அதைக் காலில் போட்டு நாலு தெரு நடந்து சோதிக்க முடிந்திருக்கும்? கைதான் அவர்களுக்குக் காலாகவும் இருந்திருக்க வேண்டும்.

இன்று அந்தக் கைக்கு வேறொரு அவசியம் வந்திருக்கிறது. சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனவரிடம் "கடிக்குதா?" என்று கேட்டுப் பயனில்லை. கடித்தாலும் அவருக்குத் தெரியாது. புண்ணான பிறகுதான் தெரியும். உணர்ச்சியற்ற பாதத்தின் இந்த ஆபத்தை வேலூரில் தொழுநோயாளிகளிடம் டாக்டர் பால் பிராண்ட் கண்டுகொண்டார். அழிவு பெரும்பாலும் உணராத காயத்தால் வருகிறது என்று சொல்லி, செருப்பையே சிகிச்சையின் ஒரு பங்காக ஆக்கினார். அந்த வழியில் பரவியதுதான் எம்சிஆர் என்கிற மிருதுவான நுண்துளை ரப்பர் போட்ட செருப்பு.

அந்தக் கால்களுக்கு நான் ஆணியே அடிப்பதில்லை. ஹீலுக்குக்கூட பசையும் தையலும்தான். தேயத் தேய ஆணிமுனை மேலே வரும். பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காயவிட்டு, பிறகு அழுத்தி, ஒரு ராத்திரி அச்சில் விட வேண்டும். காலையில் உள்ளே கைவிட்டு ஓரம் முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். கொடுக்கும்போது வீட்டு ஆட்களிடம் ஒன்று சொல்லி அனுப்புவேன்: மாசம் ஒருமுறை எம்சிஆரைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். எழும்பாமல் படுத்தே கிடந்தால் கொண்டுவந்துவிடுங்கள், மேல்தோல் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும்.