சேர்வதற்கு என்ன விலை?

ஆண்கள் இருவர் காதலிக்கும் நாவல்களைத் தேடித் தேடி வாசிப்பவன் நான். இப்படியொரு புத்தகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், “கடைசியில் சேர்கிறார்களா?” என்றுதான் முதலில் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. வெகுகாலம் இந்தக் காதலர்களுக்குக் கதைகளில் சாவும் பிரிவும்தான் வாய்த்தன. அவர்கள் சேர்ந்து வாழ்வதைப் பார்க்கும் ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் அவர்கள் சேர்வதை நான் நம்பவும் வேண்டும். அந்த நம்பிக்கை கடைசி அத்தியாயத்தில் திடீரென்று வந்துவிடாது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது இ. எம். ஃபார்ஸ்டரின் ‘மாரிஸ்’. 1913-14இல் எழுதிய அந்த நாவலைக் கடைசிவரை அவர் அச்சுக்குக் கொடுக்கவில்லை. அவர் இறந்த மறு ஆண்டு, 1971இல்தான் அது வெளிவந்தது. இங்கிலாந்தில் 1967 வரை ஆண்களுக்கிடையிலான உறவு குற்றம். காதலர்களைச் சாகடித்திருந்தால் வெளியிடுவது எளிதாக இருந்திருக்கும் என்று ஃபார்ஸ்டருக்குத் தெரியும். இருந்தும் சேர்த்துவைத்தே தீருவேன் என்று நின்றார்.

பங்குத்தரகன் மாரிஸும் பண்ணையில் வேட்டைக் காவலனாக இருக்கும் அலெக்கும் ஓர் இரவு கூடுகிறார்கள். எந்தக் காதல் நாவலிலும் கூடல் காட்சியைவிட அதற்கு மறுநாளைத்தான் நான் கூர்ந்து படிப்பேன். இங்கே மறுநாள் பயம் வருகிறது. ஒருவர் மீது ஒருவருக்குச் சந்தேகம். அலெக்கின் கடிதத்தில் மிரட்டல் தொனிக்கிறது. 1885ஆம் ஆண்டுச் சட்டம் இப்படிப்பட்டவர்களை மிரட்டிப் பணம் பறிக்க வழி திறந்துவிட்டிருந்த காலம் அது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சந்தித்து மோதித்தான் இருவரும் ஒருவரையொருவர் அறிகிறார்கள். பிறகு அலெக் தான் போகவிருந்த அர்ஜென்டினா கப்பலில் ஏறாமல் நின்றுவிடுகிறான். மாரிஸ் தன் வேலையையும் வர்க்கத்தையும் உதறுகிறான். இருவரும் விலை கொடுத்திருப்பதால் அந்த முடிவை என்னால் நம்ப முடிகிறது. பிற்காலத்தில் இருவரும் விறகு வெட்டிப் பிழைப்பதாக ஃபார்ஸ்டர் ஒரு பின்னுரை எழுதி, பிறகு நீக்கினார். நீக்கியது சரி என்பேன். அவர்கள் வாழ்வார்கள் என்பது அதற்கு முன்பே உறுதியாகிவிட்டது.

சோக முடிவையும் இதே அளவுகோலால்தான் பார்க்கிறேன். ஜேம்ஸ் பால்ட்வினின் ‘ஜியோவானிஸ் ரூம்’ (1956) ஜியோவானிக்கு மரண தண்டனை நிறைவேறுவதற்கு முந்தைய இரவில் தொடங்குகிறது. காதலித்த குற்றத்துக்கு ஆசிரியர் கொடுத்த தண்டனையாக அதை நான் வாசிப்பதில்லை. ஜியோவானியின் காதலன் டேவிட் தன் ஆசைக்கு அஞ்சி ஓடுகிறான். ஓடுகிறவன் தன்னை நம்பியவனையும் கைவிடுகிறான். அழிவு அந்த அச்சத்திலிருந்து வருகிறது. அதனால் அந்த நாவல் என்னை வதைக்கிறது, ஏமாற்றுவதில்லை.

கேசி மெக்விஸ்டனின் ‘ரெட், வைட் அண்ட் ராயல் புளூ’ (2019) வேறொரு காலத்தின் நாவல். அமெரிக்க அதிபரின் மகனும் பிரிட்டிஷ் இளவரசனும் காதலிக்கிறார்கள். அவர்கள் எழுதிக்கொள்ளும் மின்னஞ்சல்கள்தான் எனக்கு அதில் மிகப் பிடித்தவை. பழங்காலக் காதலர்களின் கடிதங்களிலிருந்து வரிகளை எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்புகையில், தமக்கு முன்னோர் உண்டு என்று இருவரும் கண்டுகொள்கிறார்கள். முடிவில் ஊரே திரண்டு வாழ்த்துவது மட்டும் எனக்குச் சற்று எளிதாகப் படுகிறது. ஆனாலும் தன்பாலீர்ப்புள்ள இளைஞர் ஒருவர் அச்சமில்லாமல் சிரித்து வாசிக்க இப்படியொரு புத்தகம் இருப்பதை மனமார வரவேற்கிறேன்.

இன்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இன்பமான முடிவை எழுதச் சட்டமோ பதிப்பாளரோ தடையில்லை. ஆகவே எழுதுகிறவரின் பொறுப்பு கூடியிருக்கிறது. சேர்ந்தார்களா என்று கேட்கும் வாசகர், சேர்வதற்காக ஒவ்வொருவரும் எதை விட்டார்கள், எப்படி மாறினார்கள் என்றும் கேட்க வேண்டும். அதற்குப் பதில் வைத்திருக்கும் நாவலைத்தான் நான் நண்பர்களுக்கு வாங்கிக் கொடுக்கிறேன்.