ஆளுக்கேற்ற ஓடம்

சிம்மக்கல்லில் குடியிருப்பவனுக்கும் சமுத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் வைகை இருக்கிறது. பெயர்தான் ஆறு; பார்த்தால் பெரும்பாலும் மணல். சித்திரையில் அழகர் இறங்குவதற்காக அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டால், கங்கையே வந்துவிட்டதுபோலப் பூரித்துப் போவோம். அதை விட்டால் 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளம். எங்கள் நீர்ப் பிரயாணம் அவ்வளவோடு சரி.

அப்படிப்பட்ட நான், ஐம்பத்து நான்காவது வயதில் ஒரு கடல் ஓடம் வாங்கினேன். கயாக் என்கிறார்களே, ஒற்றை ஆள் உட்கார்ந்து இரட்டை அலகுத் துடுப்பால் மாற்றி மாற்றி வலிக்கும் ஒடுக்கமான படகு, அதுதான். வாங்கியது தப்பில்லை, வாங்கிய விதம்தான் தப்பு. அதே தப்பை நீங்களும் செய்யக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆரம்பித்து வைத்தவன் என் மகன். தொண்டிக்குப் பக்கத்தில் காரங்காடு என்றொரு கிராமம். அங்கே வனத்துறையாரும் ஊர் ஜனங்களும் சேர்ந்து, அலையாத்திக் காட்டுக்குள் படகிலும் கயாக்கிலும் அழைத்துப் போகிறார்கள். ஒரு நாள் போய் வந்தோம். காட்டு நிழலில், அசையாத நீரில் ஒரு மணி நேரம் துடுப்பு வலித்துவிட்டு, நாங்கள் இருவரும் மாலுமிகளாகிவிட்டதாகத் தீர்மானித்துக்கொண்டோம்.

அடுத்த மாதமே ஒருவரிடம் பழைய கயாக் ஒன்று சல்லிசாக வந்தது. நீளம் 17 அடி, அகலம் 24 அங்குலம், 150 கிலோ வரை தாங்கும். "அப்பா, பெரிதாக இருந்தால் இரண்டு பேருக்கும் ஆகும்" என்றான் மகன். அவன் ஆறடி உயரம், 90 கிலோ. நான் 5 அடி 2 அங்குலம், 54 கிலோ. தீபாவளிக்கு அவன் சட்டையை நான் போட்டுக்கொண்டால் வீட்டில் சிரிப்பார்கள். படகு விஷயத்தில் மட்டும் அது எங்கள் மூளைக்கு எட்டவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு பிற்பகல், தொண்டிப் பக்கத்துக் கடற்கரைக் குப்பம் ஒன்றில் படகை இறக்கினோம். முதலில் மகன் போய் வந்தான். அவனுக்கு அது கையுறை போலப் பொருந்தியது. பிறகு நான் ஏறினேன். கரையோரத்தில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் பளபளவென்று அமைதியாகக் கிடந்தது. அந்த அமைதிதான் மோசம் என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த மாதங்களில் அங்கே கச்சான் காற்று, அதாவது மேல்காற்று அடிக்கும். கரை கிழக்குப் பார்த்த கரை. நிலத்திலிருந்து கடலுக்குள் காற்று தள்ளுவதால் கரையோரம் அலை எழும்பாது. உள்ளே போகப் போகத்தான் குணம் தெரியும்.

போகும்போது சுகமாக இருந்தது. துடுப்பைத் தொடாமலே படகு ஓடியது. என் திறமை என்று நினைத்துக்கொண்டேன். திரும்பியபோதுதான் விபரீதம் புரிந்தது. கரை கிட்டே வரவில்லை! என் எடைக்கு அந்தப் படகு நீரில் அமிழாமல், காலி டப்பா மாதிரி மேலே மிதந்தது. காற்று அதன் விலாவைப் பிடித்து இஷ்டம்போல் தள்ளியது. கால் ஊன்றும் கட்டை மகனுடைய காலுக்கு வைத்தது. என் பாதம் எட்டவில்லை. கால் ஊன்றாதவனுக்குக் கையில் பலம் ஏது? ஒவ்வோர் அலைக்கும் இடுப்பு ஆசனத்தில் வழுக்கியது. துடுப்பு போட்டால் படகின் ஓரத்தில் இடித்தது. கரையில் என் மகன் இப்படியும் அப்படியும் ஓடுவது சிறு பொம்மைபோல் தெரிந்தது. அவன் கத்தியது காதில் விழவில்லை. "இவன் அம்மாவிடம் என்ன சொல்வான்?" என்று ஒரு நினைப்பு வந்தது பாருங்கள், அதை இன்று எழுதும்போதும் கை நடுங்குகிறது.

லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன். அது ஒன்றுதான் நான் செய்த புத்திசாலித்தனம். தெய்வாதீனமாக மீன்பிடித்துத் திரும்பிய ஒரு நாட்டுப்படகு கண்ணில் பட்டது. துடுப்பைத் தூக்கி ஆட்டினேன். அதிலிருந்த பெரியவர் கயிறு போட்டு இழுத்து வந்து கரை சேர்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் படகையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "ஏன்யா, செருப்பு வாங்கும்போது கால் போட்டுப் பாக்காமலா வாங்குவீங்க?" என்றார். அவ்வளவுதான்.

அந்த ஒரு கேள்வி என்னைப் பல புத்தகங்களுக்குத் துரத்தியது. கிரீன்லாந்து, வட கனடா முதலிய பனிப் பிரதேசங்களில் வாழும் இன்யூட் மக்கள்தான் கயாக்கைக் கண்டுபிடித்தவர்கள். கடலில் ஒதுங்கிய மரத்தால் சட்டம் கட்டி, சீல் தோலைப் போர்த்திச் செய்வார்கள். அளவு எது தெரியுமா? ஏறப் போகிறவனுடைய உடம்புதான்! இரு கைகளையும் விரித்தால் வரும் நீளத்தைப் போல் மூன்று மடங்கு, படகின் நீளம். இடுப்பகலத்தோடு இரண்டு முஷ்டி சேர்த்தால் அகலம். தையற்காரன் தோற்றான்!

என் மனைவி அளவு நாடாவை எடுத்து வந்தாள். "வயசான காலத்தில் இது வேறயா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அளந்தாள். என் கணக்குக்கு நீளம் பதினைந்தரை அடி, அகலம் 20 அங்குலம் வந்தது. உடனே அதையே வாங்கிவிடலாமா? கூடாது. அது பிறந்ததிலிருந்து கடலில் கிடக்கும் வேட்டைக்காரனுடைய அளவு. உடம்பு ஓர் அளவு என்றால், பழக்கம் இன்னோர் அளவு.

நீளமான படகு வேகமாக, நேராக ஓடும். ஆனால் சட்டென்று திரும்பாது. அகலமான படகு அமைதியான நீரில் திண்ணைபோல் அசையாமல் நிற்கும். அலை வந்தால் அலையின் சரிவோடு தானும் சரியும். ஒடுக்கமான படகு எடுத்தவுடன் ஆட்டம் காட்டும். பழகியவனுக்கு அலையில் அதுவே நம்பிக்கையானது. குளத்துக்கும் கழிமுகத்துக்கும் 10 முதல் 12 அடி நீளம், 28 அங்குலத்துக்குக் குறையாத அகலம் போதும். கடலுக்கென்று செய்தவை பெரும்பாலும் 14 முதல் 18 அடி நீளம், 21 முதல் 24 அங்குல அகலம்.

எடைக் கணக்கு முக்கியம். படகு தாங்கும் என்று எழுதியிருக்கும் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். அதற்காக என்னைப்போல் மூன்றில் ஒரு பங்கோடும் புறப்படாதீர்கள். சாமானும் எடைதான். 1932-ல் ஜெர்மனியின் உல்ம் நகரிலிருந்து மடக்குக் கயாக்கில் புறப்பட்டு, இந்தியக் கரையோரமாகவும் வந்து, 1939-ல் ஆஸ்திரேலியப் பகுதியை அடைந்த ஆஸ்கார் ஸ்பெக், இருவர் ஏறும் படகில் தனி ஆளாகத்தான் போனார். இன்னோர் ஆளின் இடத்தை மூட்டை முடிச்சுகள் நிரப்பின.

வாங்குமுன் உட்கார்ந்து பாருங்கள். இடுப்புக்கு இருபுறமும் விரலளவு இடைவெளி இருக்கட்டும். முழங்கால் சற்று மடங்கியபடி பாதம் கட்டையில் ஊன்ற வேண்டும். தொடை மேல்தளத்தின் உட்புறத்தைத் தொட வேண்டும். இறுக்கமாகவும் இருக்கக் கூடாது. கவிழ்ந்தால் வழுக்கிக்கொண்டு வெளியே வர வேண்டுமல்லவா? முன்னும் பின்னும் நீர் புகாத அறைகளும், சுற்றிலும் பிடித்துக்கொள்ளக் கயிறும் இல்லாத படகு கடலுக்கு ஆகாது.

பயமாக இருக்கிறதா? மேலே உட்காரும் ரகம் ஒன்று உண்டு. நம் கட்டுமரத்துக்குத் தம்பி முறை. உள்ளே நீர் தேங்காது. விழுந்தால் மறுபடி ஏறிக்கொள்ளலாம். நம் வெதுவெதுப்பான கடலுக்கும் புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் அதைவிட நல்லது இல்லை.

எந்த ரகமானாலும் ஒரு பரீட்சை உண்டு. மார்பளவுத் தண்ணீரில், தெரிந்தவர் பக்கத்தில் நிற்க, வேண்டுமென்றே கவிழ்ந்து மறுபடி ஏறிப் பாருங்கள். ஏறத் தெரியாதவனுக்கு எந்தப் படகும் பொருந்தாது. நான் பதினேழாவது தடவையில்தான் பாஸானேன். காற்று கடலுக்குள் தள்ளும் நாளில் இறங்காதீர்கள். தனியாகப் போகாதீர்கள்.

பழைய படகு இப்போது மகனுக்கே. எனக்கு 14 அடி நீளம், 23 அங்குல அகலத்தில் ஒன்று. அதை வாங்குமுன் மூன்று படகுகளில் உட்கார்ந்து எழுந்தேன், விற்றவர் பொறுமையிழந்துவிட்டார். போகட்டும்.

போன மாசியில் அதே குப்பத்தில் அதை இறக்கினேன். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். கரையை ஒட்டியே அரை மணி நேரம் போய்த் திரும்பி வந்தேன். மகன் பக்கத்திலேயே வந்தான்.

"இப்ப கடிக்கலையே?" என்றார் பெரியவர்.

"இல்லை" என்றேன். வீட்டுக்கு வந்ததும் அளவு நாடாவை மனைவியின் தையல் பெட்டியில் பத்திரமாகத் திருப்பி வைத்தேன்.