அது தண்ணி இல்லீங்க மாமா

இந்தத் தடவை வெள்ளாமை பத்தி இல்லீங்க. வண்டி பத்தி. வண்டி பத்தி மட்டும்னும் சொல்ல முடியாது.

காலை மூணே முக்கால் மணி இருக்கும். கீழ்பவானி வாய்க்கால் பாலத்து மேடு. பின் சீட்டை மடக்கிப் போட்டு நாலு சாக்கு கத்திரிக்காய், ரெண்டு கிரேடு வெண்டைக்காய் ஏத்தியிருந்தேன். உழவர் சந்தைக்கு நேரத்துல போனாத்தான் நல்ல இடம் கிடைக்கும். பாதி மேடு ஏறினதும் வண்டி ஒரு உதறு உதறுச்சு. ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்த இழுக்காம, கழுத்துல மூக்கணாங்கயித்தைச் சுத்திக்கிட்ட மாடு மாதிரி முன்னயும் பின்னயும் ஆட்டுது. டேஷ்போர்டுல ஆரஞ்சு கலர்ல என்ஜின் லைட்டு மின்னி மின்னி அணையுது. முதல் கியர்ல போட்டு, எங்க குலசாமியைக் கூப்பிட்டுக்கிட்டே மேலே ஏத்திட்டேன். சமதளத்துல ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுச்சு.

எங்க வண்டி பழைய மூணு சிலிண்டர் பெட்ரோல் கார். கம்பெனி பேர் எதுக்கு, ரோட்டுல பத்து கார் போனா மூணு அதுதான். செகண்ட் ஹேண்ட்ல வாங்கி ஆறு வருஷம் ஆச்சு. காய்கறி, தீவன மூட்டை, ஆஸ்பத்திரி, கல்யாணம் எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான்.

ஊருக்குத் திரும்பி வரும்போதே யார் மேல பழி போடணும்னு முடிவு பண்ணிட்டேன். அக்கா மகன் எங்க வீட்டுல தங்கி ஐ.டி.ஐ. படிக்கிறான், மோட்டார் மெக்கானிக், ரெண்டாவது வருஷம். அஞ்சு நாளைக்கு முன்னால ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவினது அவன்தான். சும்மா கழுவல. மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயரை எடுத்துட்டு வந்து, பானெட்டைத் திறந்து, என்ஜின் மேலயும் அடிச்சுக் கழுவி, துணியில துடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, வாழைக்கன்னு கட்டி, மணப்பொண்ணு மாதிரி நிறுத்தியிருந்தான். அன்னைக்கு நானே நாலு பேர்கிட்ட காட்டிப் பெருமைப்பட்டவன்தான்.

கட்டுத்துறையில பால் கறந்துக்கிட்டு இருந்தவனைக் கூப்பிட்டேன். வெண்டை பறிக்க வந்த ஆளுங்க ஏழெட்டுப் பேர் நின்னுக்கிட்டு இருந்தாங்க. "என்ஜினுக்குள்ள தண்ணிய ஊத்தி வண்டியக் கெடுத்து வெச்சிருக்கறயே, இதத்தான் ரெண்டு வருசமா படிக்கறயா? உங்கப்பனா வாங்கிக் குடுத்தான்?" அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவனுக்கு அப்பா இல்லை.

அவன் பதில் பேசல. பால் சொம்பைத் திண்ணையில வெச்சான். மறுநாள் காலையில பையைத் தூக்கிட்டு, "அம்மாவப் பாத்துட்டு வர்றேங்க அத்தை"ன்னு என் சம்சாரத்துக்கிட்ட மட்டும் சொல்லிட்டு பஸ் ஏறிட்டான்.

அதுக்கப்புறம் ஒரு வாரம் நான் பண்ணின வேலையைக் கேளுங்க. பானெட்டைத் திறந்து நாள் முழுக்க வெயில்ல நிறுத்தினேன். பெட்ரோல்ல கலப்படம்னு நினைச்சு வேற பங்க்ல ஊத்தினேன். ஏர் ஃபில்டரைத் தட்டிப் போட்டேன். காலியா ஓட்டும்போது நல்லா இருக்கும், மூட்டை ஏத்திட்டு மேடு ஏறினா மறுபடியும் மிஸ்ஸிங். டவுன்ல ஒரு ஒர்க்ஷாப்புல காட்டினேன். மூணு காயில், மூணு பிளக், இன்ஜெக்டர் கிளீனிங் எல்லாம் சேர்த்து பதினாறாயிரத்து ஐந்நூறு ஆகும், அதுக்கும் சரியாகலைன்னா என்ஜினைத்தான் இறக்கணும்னு சொன்னாங்க. கத்திரிக்காய் கிலோ பன்னண்டு ரூபாய்க்குப் போற நேரம். எத்தனை சாக்குன்னு கணக்குப் போட்டுப் பார்த்துட்டு வண்டியைத் திருப்பிட்டு வந்துட்டேன்.

அக்கா போன் பண்ணினா. "என்னப்பா சொன்னே அவன? சோறும் சரியா உங்கறதில்ல, வாயும் தொறக்கறதில்ல." நான் எதையோ சொல்லி வெச்சுட்டேன்.

பக்கத்து ஊர்ல டாக்ஸி ஓட்டுற தம்பிகிட்ட ஒரு சின்ன ஸ்கேனர் இருந்துச்சு. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கு, அதுல சொருகினா போன்ல படிக்கலாம். படிச்சதுல வந்தது பி0302. பி030ன்னு தொடங்குற அந்த வரிசை மிஸ்ஸிங்குக்கு உரியது, கடைசி எண் எந்த சிலிண்டர்னு சொல்லுது. ரெண்டுன்னா நடு சிலிண்டர். ஆனா ஏன் எரியலைன்னு அது சொல்லாது. எந்த வீட்டுல அழுகைச் சத்தம் கேட்குதுன்னு சொல்லும், செத்தது யாருன்னு நாமதான் போய்ப் பார்க்கணும்.

"ஏனுங்க, பையனுக்குப் போனப் போட்டுக் கேளுங்களே. கௌரவம் கொறஞ்சா போயிரும்?"னு சம்சாரம் சொன்னா. நான் போடல. அவளே வீடியோ கால் போட்டு என் முகத்துக்கு நேரா நீட்டிட்டா.

திரையில அவன் முகம் வந்துச்சு. சாப்பிட்டயான்னு கேட்டேன். "ம்"னான். கோடு நம்பர் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "பானெட்டைத் தொறங்க மாமா"ன்னான்.

நம்ம ஊர்ல பழைய மெக்கானிக்குங்க வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஒவ்வொரு பிளக் வயரா கழட்டிப் பார்ப்பாங்க. எதைக் கழட்டினா சத்தம் மாறலையோ அதுதான் செத்த சிலிண்டர். நானும் என்ஜினை ஓட விட்டு, காயிலைப் பிடிச்சு இழுக்கக் கையை நீட்டினேன். "மாமா, கைய எடுங்க!"ன்னு அவன் போட்ட சத்தத்துல சம்சாரம் போனைக் கீழே போட்டுட்டா. மொத வேலையா வண்டியை ஆஃப் பண்ணி, சாவியை எடுத்து சட்டைப் பையில போடச் சொன்னான். இருபதாயிரம், முப்பதாயிரம் வோல்ட் பாயுற இடமாம் அது. கைக்கும் கேடு, வண்டியோட கம்ப்யூட்டருக்கும் கேடு.

பன்னண்டு வோல்ட் பேட்டரியில அவ்வளவு எங்கிருந்து வருதுன்னு கேட்டேன். கோபம் இருந்தாலும் பாடம்னா அவனுக்குச் சொல்லாம இருக்க முடியாது. காயிலுக்குள்ள தடிச்ச கம்பி கொஞ்சம் சுத்து, மெல்லிசு கம்பி ஆயிரக்கணக்கான சுத்து இருக்காம். தடிச்ச கம்பியில ஓடுற கரண்டைப் படக்குன்னு நிறுத்தினா, அந்த அதிர்ச்சி மெல்லிசு கம்பியில பல மடங்கா எழும்புமாம். எனக்குச் சட்டுனு புரிஞ்சுது. மோட்டார் ஓடும்போது கேட் வால்வைப் படக்குன்னு மூடினா பைப்லைனே எகிறி அடிக்குமே, அதே கதைதான்.

எங்க வண்டியில ஒவ்வொரு பிளக்குக்கும் மேல ஒரு காயில், தனித்தனியா நிக்குது. ஒயர் சாக்கெட்டோட பூட்டை அழுத்திக் கழட்டி, பத்தாம் நம்பர் போல்ட்டை எடுத்து, லேசாத் திருகி மேலே இழுத்தா வந்துடும். மோட்டார் ஸ்டார்ட்டர் பார்க்க வெச்சிருக்கிற மல்டிமீட்டரை எடுத்துட்டு வந்தேன். "காயிலை அதுல பாக்காதீங்க மாமா. மூணு பின்னு. உள்ளயே டிரான்சிஸ்டர் இருக்கு, ஓம் கணக்கெல்லாம் தப்பாக் காட்டும்"னான். ரெண்டு பின் உள்ள பழைய காயிலா இருந்தா அளந்து பார்க்கலாமாம். தடிச்ச கம்பிப் பக்கம் ஒரு ஓம் அக்கம்பக்கம், மெல்லிசு பக்கம் பல ஆயிரம் ஓம் காட்டணும். அதுவும் சூடாகாதப்போ சரியாக் காட்டிட்டு, சூடானதும் ஏமாத்துற காயில் உண்டாம். மீட்டரை வெச்சு ஒயர் சாக்கெட்டுல மட்டும் பார்க்கச் சொன்னான். சாவியை ஆன் பண்ணினா பன்னண்டு வோல்ட்டுக்கு மேல வந்துச்சு. அப்போ ஒயர்ல கரண்ட் வருது, எலி கடிக்கல. சாவியைத் திரும்பவும் எடுத்துப் பையில போட்டேன்.

நடு காயிலை இழுத்தேன். கீழ்ப் பக்கம் நீளமா இருக்கிற ரப்பர் குழாய் சொதசொதன்னு நனைஞ்சு வந்துச்சு. நான் விட்டேனா? "பாத்தயாடா, தண்ணி!"ன்னு போன் முன்னாடி ஆட்டினேன்.

அவன் ஒண்ணும் சொல்லல. பக்கத்துல காட்டுங்கன்னான். விரல்ல தொட்டுத் தேய்ச்சுப் பாருங்கன்னான். தேய்ச்சேன். வழவழன்னு இருந்துச்சு, கறுப்பா ஒட்டுச்சு.

"அது தண்ணி இல்லீங்க மாமா. ஆயில்."

என்ஜினுக்கு மேல இருக்கிற டேப்பட் கவர்ல பிளக் குழிக்குன்னு வட்டமா சீல் இருக்கு. அது காய்ஞ்சு போனா ஆயில் குழிக்குள்ள கசியும். ரப்பர் ஊறி உப்பும். அந்த ரப்பர்தான் வரப்பு. வரப்பு உடைஞ்சா தண்ணி கடைமடைக்கா போகும்? பிளக் முனைக்குப் போக வேண்டிய நெருப்பு, வழியிலேயே ரப்பரைத் துளைச்சுக்கிட்டு பக்கத்து இரும்புல இறங்கிடும். காலியா ஓடும்போது பிளக் முனையில சுலபமாத் தாண்டிடுது. மூட்டை ஏத்தி மேட்டுல அழுத்தும்போது சிலிண்டருக்குள்ள அழுத்தம் கூடுது, தாண்டறதுக்கு அதிக வோல்ட் வேணும், அப்போதான் சுலபமான வழியைத் தேடுது. ரப்பரைத் துடைச்சுப் பார்த்தா உள்பக்கம் பென்சில்ல கிழிச்ச மாதிரி ஒரு கறுப்புக் கோடு. நெருப்பு இறங்கின தடம்.

போன வருஷம் ஆயில் மாத்தும்போது எங்க ஊர் மெக்கானிக் அண்ணன், "டேப்பட் கவர் பேக்கிங் லேசாக் கசியுதுங்க, மாத்திரலாமா?"ன்னு கேட்டாரு. அன்னைக்கு மஞ்சள் விலை விழுந்திருந்துச்சு. "அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்ணா"ன்னு சொன்னது நான். அந்த அடுத்த சர்வீஸுக்கு நான் போகவே இல்லை.

போன்ல அவன்கிட்ட இதைச் சொல்லல. சம்சாரம் பக்கத்துல நின்னுக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. அவளுக்குத் தெரியும்.

ஆனாலும் மாப்பிள்ளை அதோட விடல. ஆயிலைப் பார்த்ததும் காயில்தான்னு முடிவு பண்ணக் கூடாதாம். குச்சியில துணி சுத்திக் குழியில இருந்த ஆயிலை ஒத்தி எடுக்கச் சொன்னான். அதைப் பண்ணாம பிளக்கைக் கழட்டினா அழுக்கெல்லாம் சிலிண்டருக்குள்ள விழுந்துடும். அப்புறம் நடு காயிலை ஒண்ணாவது இடத்துல, ஒண்ணாவதை நடுவுல மாத்தி மாட்டச் சொன்னான். வேற எதையும் தொடக் கூடாது. கோடை அழிச்சுட்டு, எட்டு மூட்டைப் புண்ணாக்கு ஏத்திட்டு வாய்க்கால் மேட்டுக்குப் போனேன். பாதியில உதறுச்சு. வாழ்க்கையில வண்டி உதறினதுக்கு நான் சந்தோஷப்பட்டது அன்னைக்குத்தான். ஓரங்கட்டிப் படிச்சேன். பி0301. காயில் போன இடத்துக்கே நோயும் போயிருக்கு. நோய் நடுவுலயே நின்னிருந்தா, அடுத்து பிளக்கை மாத்திப் போட்டுப் பார்க்கணும், அப்புறம் இன்ஜெக்டர், கடைசியாக் கம்ப்ரஷன். ஒரு தடவைக்கு ஒண்ணுதான். மூணையும் ஒரே நாள்ல மாத்தினா எது தப்புன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

போன்ல சொன்னேன். "லைட்டு மின்னுச்சா?"ன்னு கேட்டான். ஒரு வாரமா மின்னுதுன்னேன். "மின்னுனா ஓட்டவே கூடாதுங்க மாமா. எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போயி, உள்ள இருக்கற கன்வெர்ட்டரைச் சுட்டுரும். அது போச்சுன்னா இதெல்லாம் ஒரு செலவே இல்லீங்க." பையன் என்னைத் திட்டுறான்னு கொஞ்சம் சந்தோஷமாக்கூட இருந்துச்சு. திட்டுறவன் பேசத் தொடங்கிட்டான்னுதானே அர்த்தம்.

காயில் ஒண்ணு ஆயிரத்து எண்ணூத்தி ஐம்பது. பாதி விலைக்கு டூப்ளிகேட் இருக்குன்னு கடைக்காரர் சொன்னாரு, வேண்டாம்னுட்டேன். பிளக் மூணும் தேய்ஞ்சு இடைவெளி அகலமாகிப் போயிருந்துச்சு. அதையும் அப்படியே விட்டா புதுக் காயில் கூடுதலா முக்கணும். மூணு பிளக் ஐந்நூத்தி நாப்பது. பேக்கிங் சீலோட அறுநூத்தி எண்பது. மெக்கானிக் அண்ணனுக்குக் கூலி ஐந்நூறு. ஆக மூவாயிரத்து ஐந்நூத்தி எழுபது. பேக்கிங்கை அன்னைக்கே மாத்தியிருந்தா பிளக் காசும் இதுவும் மட்டும்தான் ஆகியிருக்கும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் வந்தான். வந்த அன்னைக்கு ராத்திரி, எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது, பேக்கிங் கதையைச் சொன்னேன். மெக்கானிக் கேட்டது, நான் தள்ளிப் போட்டது எல்லாத்தையும். வெண்டை பறிக்கிற ஆளுங்க முன்னாடி சொல்லியிருக்கணும். அவங்க முன்னாடிதானே திட்டினேன். அதை இன்னும் சொல்லல. அவன் தலையை ஆட்டினான், சோத்துக்கு ரசம் கேட்டான். பழைய காயிலை மட்டும் எடுத்து வெச்சுக்கிட்டான், ஐ.டி.ஐ.யில அறுத்துப் பார்க்கணுமாம்.

தீபாவளிக்கு முந்தின நாள் வண்டியைக் கழுவிக்கிட்டு இருந்தான். சக்கரம், கண்ணாடி எல்லாம் முடிச்சுட்டு பைப்பைச் சுருட்டப் போனான். "பானெட்டையும் தொறந்து தொடச்சு உட்ரு மாப்ள"ன்னேன்.

"வேண்டாங்க மாமா"ன்னான்.